பனிமலைக்கு முன் ஓர் இரவு



நம் முன்னோர் கடல் கடந்து பயணம் புறப்பட்டது பெரும்பாலும் இரண்டு காரணங்களுக்காகவே. ஒன்று வாணிபம், மற்றொன்று ஹஜ். இன்றோ, வளைகுடா நாடுகளில் குடும்பத்துடன் வாழும் நம்மவர் பலர், பள்ளி விடுமுறை வந்ததும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு புதிய நாடுகளைக் காணச் செல்கின்றனர். இதில் தவறொன்றுமில்லை. பூமியில் பயணம் செய்து, முன்சென்றோரின் நிலையைக் கண்டு படிப்பினை பெறுமாறு திருமறை பல இடங்களில் நம்மை அழைக்கிறது. ஆனால், அந்தப் படிப்பினைக்கு நம் பயணத் திட்டத்தில் இடம் ஒதுக்கியிருக்கிறோமா என்பதே கேள்வி.

பனியைப் படத்தில் மட்டுமே கண்டிருந்த என் பிள்ளைகள் இருவரும், பனிச்சறுக்கு பழக வேண்டுமென்று நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தனர். போஸ்னியாவைத் தேர்ந்தெடுத்தோம். நாங்கள் வசிக்கும் துபாயிலிருந்து ஏறக்குறைய ஆறு மணி நேர விமானப் பயணம். ஆல்ப்ஸ் மலை நாடுகளைவிடச் செலவு குறைவு. தலைநகர் சரயேவோவில் ஹலால் உணவுக்காக அலைய வேண்டியதில்லை. அந்நகருக்கருகே பியலாஷ்னிட்சா, யஹோரினா என்னும் இரு பனிமலைகள் உள்ளன. இரண்டும் சுமார் 30 கிலோமீட்டர் தொலைவுதான். ஆகவே, விமானத்திலிருந்து இறங்கியதும் நேரே மலைக்குச் சென்றுவிடலாம், நகரில் தங்குவது வீண் செலவு என்றே எவருக்கும் தோன்றும். பிள்ளைகளின் விருப்பமும் அதுவே.

அவ்வேளையில் ஊரிலிருந்து என் தாயார் தொலைபேசியில் கேட்டார்கள்: "அந்த ஊரா வாப்பா? அந்த ஜனங்களுக்காகப் பள்ளியில குனூத் ஓதிட்டு வந்து உங்க வாப்பா அழுதாங்களே, அங்கேயா விளையாடப் போறீங்க?"

தட்டிக்கழிக்கத்தக்க கேள்வியன்று அது. 1984 பிப்ரவரியில் குளிர்கால ஒலிம்பிக் போட்டிகளை நடத்தி உலகை வரவேற்ற நகரம் சரயேவோ. எட்டே ஆண்டுகளில், 1992 ஏப்ரலில், அதே நகரைச் சூழ்ந்த குன்றுகளில் பீரங்கிகள் நிறுத்தப்பட்டன. 1996 பிப்ரவரி வரை, 1,425 நாட்கள், முற்றுகை நீடித்தது. பனிக்கட்டி அரங்கம் குண்டுகளால் சிதைந்தது. அதனை அடுத்த மைதானம் மையவாடியாக மாறியது. முற்றுகை தொடங்கியதன் இருபதாம் ஆண்டு நினைவாக, 2012இல் நகரின் முதன்மைச் சாலையில் 11,541 சிவப்பு நாற்காலிகளை வரிசையாகப் போட்டு வைத்தார்கள். கொல்லப்பட்ட ஒவ்வொருவருக்கும் ஒன்று. அவற்றுள் நூற்றுக்கணக்கானவை சிறுவர்க்குரிய சின்னஞ்சிறு நாற்காலிகள்.

அத்தகைய மண்ணில் விளையாடலாமா? விளையாடலாம் என்றே நான் முடிவு செய்தேன். அந்நகரத்து மக்களே தம் பிள்ளைகளுடன் வார இறுதியில் அம்மலைகளுக்குச் செல்கின்றனர். விருந்தினர் வருகையால் பிழைக்கும் குடும்பங்கள் அங்கு ஏராளம். ஆனால், அறியாமல் விளையாடுவது வேறு; அறிந்து விளையாடுவது வேறு. அந்த வேற்றுமையை உண்டாக்குவதற்காகவே மலைக்குமுன் ஓர் இரவை நகருக்கென ஒதுக்கினோம். அவ்விரவை எவ்வாறு திட்டமிட்டோம் என்பதை, உங்களில் எவரேனும் அவ்வழி செல்லக்கூடும் என்னும் எண்ணத்தில் எழுதுகிறேன்.

பகல் குறுகிய ஊர்

ஓரிரவில் எந்த நகரத்தையும் பார்த்து முடித்துவிட முடியாது. எதைப் பார்ப்பது என்பதைவிட எதை விட்டுவிடுவது என்பதில்தான் திட்டத்தின் வெற்றி அடங்கியிருக்கிறது. எங்கள் திட்டத்துக்கு அளவுகோலாகத் தொழுகை நேரங்களையே வைத்துக்கொண்டோம்.

ஜனவரி நடுவில் சரயேவோவில் சூரியன் காலை 7.15 மணியளவில்தான் உதிக்கிறது, மாலை 4.40க்குள் மறைந்துவிடுகிறது. நண்பகலில் லுஹர், இரண்டு மணியைத் தாண்டியதும் அஸர், ஐந்து மணிக்கு முன்பே மஃரிப். வளைகுடாவின் நீண்ட பகலுக்குப் பழகியவர்கள், "மாலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று எதையும் ஒத்திவைத்தால் அது இருளில்தான் முடியும்.

பயணிக்கு மார்க்கம் அளித்துள்ள சலுகைகளைப் புறப்படுமுன்பே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது நன்று. நான்கு ரக்அத் தொழுகைகளை இரண்டாகச் சுருக்கித் தொழலாம். ஷாபிஈ மத்ஹபினர் லுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழலாம். ஹனபி மத்ஹபினர் சுருக்குவார்கள், சேர்ப்பதில்லை. நகரில் ஓரிரவு மட்டும் தங்கும்போது நாம் முஸாபிர்தாம். ஆனால் மலையில் ஐந்து முழு நாட்கள் தங்கும் எண்ணத்துடன் சென்றால், ஷாபிஈ மத்ஹபுப்படி அங்கு முழுமையாகத் தொழ வேண்டும். ஹனபி மத்ஹபில் பதினைந்து நாள் தங்கும் எண்ணம் இருந்தால்தான் அந்நிலை. குளிரில் ஒளு செய்து தோல் காலுறை அணிந்துகொண்டவர், கால்களைக் கழுவுவதற்குப் பதிலாக அதன்மேல் மஸஹ் செய்யலாம். முஸாபிருக்கு மூன்று நாள், ஊரில் தங்குபவருக்கு ஒரு நாள் என்பது அதன் வரையறை. உறைபனியில் நிற்கும்போதுதான் இச்சலுகையின் அருமை விளங்குகிறது.

மற்றொன்றையும் கருத்திற்கொள்ள வேண்டும். மலைகளுக்கிடையே பள்ளத்தாக்கில் அமைந்த நகரமாதலால், குளிர்காலத்தில் அங்கு மூடுபனி தேங்கி நிற்கும். விமானங்கள் தாமதமாவதும் வேறு ஊருக்குத் திருப்பப்படுவதும் அங்கு புதிதன்று. நகரத்து ஓரிரவு என்பது, அத்தகைய தாமதம் நேர்ந்தாலும் மலையில் முன்பணம் கட்டிய நாட்கள் வீணாகாமல் காக்கும் கேடயமாகவும் அமைகிறது. தேங்கிய பனியோடு புகையும் கலந்து நிற்பதால், ஆஸ்துமா உள்ளவர்கள் மருந்தைக் கைப்பையிலேயே வைத்திருப்பது அவசியம்.

வக்பு வளர்த்த நகரம்

பழைய கடைத்தெருவான பஷ்சார்ஷியாவில் நடந்து செல்லும் தொலைவில் விடுதி எடுத்தோம். ஓரிரவுத் தங்கலில் வாடகைக் காருக்காகக் காத்திருக்கும் நேரம்தான் பெருநஷ்டம். எல்லாம் காலால் நடந்து எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

முதலில் காஸி ஹுஸ்ரவ் பேக் பள்ளிவாசலுக்குச் சென்றோம். 1530ஆம் ஆண்டளவில் கட்டப்பட்டது. உதுமானியப் பேரரசின் சார்பில் போஸ்னியாவை ஆண்ட அவர், சுல்தான் இரண்டாம் பாயஸீதின் மகள் வயிற்றுப் பேரர். அவர் பள்ளிவாசலோடு நின்றுவிடவில்லை. மதரஸா, நூலகம், ஏழைகளுக்கும் வழிப்போக்கர்களுக்கும் உணவளிக்கும் சமையற்கூடம், பொதுக் குளியலகம், கடைவீதி எனப் பலவற்றை ஏற்படுத்தி, அவை நிலைத்து நடப்பதற்காகச் சொத்துகளை வக்பு செய்தார். அந்த வக்பைச் சேர்ந்த மோரிச்சா ஹான் என்னும் பழைய சத்திரம் இன்றும் அருகிலேயே இருக்கிறது. ஒரு காலத்தில் சுமார் 300 பயணிகளும் 70 குதிரைகளும் தங்கக்கூடியதாக இருந்ததாம். இன்று அங்கு உணவகமும் காப்பிக்கடையும் நடைபெறுகின்றன. ஓரிரவு தங்கிச் செல்லும் வழிப்போக்கன் அந்நகருக்குப் புதியவனல்லன் என்பதை அம்முற்றத்தில் நின்றபோது உணர்ந்தேன். அவனுக்காகவே ஓர் ஆட்சியாளர் தம் செல்வத்தைக் கொடுத்துச் சென்றிருக்கிறார். நம் ஊர் வக்பு சொத்துகளின் நிலையை நினைத்துப் பார்க்காமல் அங்கிருந்து நகர முடியவில்லை.

பள்ளிவாசலை ஒட்டி ஒரு மணிக்கூண்டு உள்ளது. அதன் முட்கள் நம் கைக்கடிகாரத்தோடு ஒத்துப்போவதில்லை. சூரியன் மறையும்போது அது பன்னிரண்டு காட்டும். மஃரிபோடு நாள் தொடங்குகிறது என்னும் நம் கணக்கு, அந்தக் கோபுரத்தில் முள்ளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. சூரியன் மறையும் நேரம் நாள்தோறும் மாறுவதால், அதைத் திருத்தி வைப்பதற்கென்றே ஒருவர் இருப்பது அவ்வூர் மரபு. அந்தி நேரத்தில் பிள்ளைகளை அதன் கீழ் நிறுத்திக் காட்டினேன். பாங்கு ஒலித்தது, உள்ளே சென்று ஜமாஅத்துடன் மஃரிப் தொழுதோம். பெண்களுக்கும் இடமிருந்ததால் என் மனைவியும் மகளும் தொழுதனர்.

அருகிலுள்ள நூலகத்தைப் பற்றியும் கட்டாயம் சொல்ல வேண்டும். 1992 ஆகஸ்டில், ஆற்றங்கரையிலிருந்த தேசிய நூலகத்தின்மீது குண்டுகள் வீசப்பட்டு, இலட்சக்கணக்கான நூல்கள் எரிந்து சாம்பலாயின. அக்கட்டடம் செப்பனிடப்பட்டு 2014இல் மீண்டும் திறக்கப்பட்டது. ஆனால், காஸி ஹுஸ்ரவ் பேக் நூலகத்தின் ஏட்டுப் பிரதிகள் தப்பின. அதன் ஊழியர்கள், குண்டு மழைக்கிடையே, அவற்றைப் பெட்டிகளில் சுமந்து இடம் மாற்றி இடம் மாற்றி மறைத்துக் காத்தனர். அவற்றுள் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் 'இஹ்யா உலூமித்தீன்' பிரதியொன்று, இமாம் அவர்கள் வாழ்ந்த காலத்திலேயே, 1106ஆம் ஆண்டளவில் எழுதப்பட்டதாகும். நம் ஊர் மதரஸாக்களில் ஓதப்படும் அதே நூல்! ரொட்டிக்கும் தண்ணீருக்கும் உயிரைப் பணயம் வைத்த நாட்களில், நூல்களுக்காகவும் உயிரைப் பணயம் வைத்தவர்கள் இருந்திருக்கிறார்கள்.

இரவு உணவுக்குச் செவாப்பி என்னும் சுட்ட இறைச்சியும், சூடான தட்டை ரொட்டியும், நறுக்கிய வெங்காயமும். பிள்ளைகளுக்கு வயிறும் மனமும் நிறைந்தன. இலத்தீன் பாலம் வழியில்தான் இருந்தது. 1914 ஜூன் 28 அன்று அதனருகே ஆஸ்திரிய இளவரசர் சுடப்பட்டதே முதல் உலகப் போருக்குக் காரணமாயிற்று. அங்கு ஐந்து நிமிடம் நின்றுவிட்டு, ஒன்பது மணிக்கெல்லாம் உறங்கச் சென்றோம். மறுநாள் மலையில் உடலுக்கு வேலை இருக்கிறது. களைத்த கால்களோடு பனிச்சறுக்குப் பலகையில் ஏறுவது எலும்பு முறிவுக்கு அழைப்பு.

சுரங்கத்தின் வழியே

சுப்ஹு தொழுதுவிட்டு, விடிந்ததும் கொவாச்சி மையவாடிக்கு நடந்து ஏறினோம். வெண்ணிறக் கல்லறைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. 2003இல் மறைந்த முதல் குடியரசுத் தலைவர் அலியா இஸ்ஸத் பெகோவிச் அவர்களும் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். கல்லறைகளின் ஆண்டுகளைக் கூட்டிக் கழித்துப் பார்த்த என் மகன், "வாப்பா, இவருக்கு அண்ணன் வயசுதான்" என்றான். நான் பதில் கூறவில்லை. ஃபாத்திஹா ஓதச் சொன்னேன்.

யஹோரினாவை விட்டுப் பியலாஷ்னிட்சாவை நாங்கள் தேர்ந்ததற்குக் காரணம், அம்மலைக்குச் செல்லும் திசையில் சுரங்க அருங்காட்சியகம் இருப்பதுதான். 1993இல், முற்றுகையிடப்பட்ட நகரிலிருந்து விமான ஓடுபாதைக்கு அடியில் சுமார் 800 மீட்டர் நீளத்துக்குக் கையால் தோண்டிய சுரங்கம் அது. நிமிர்ந்து நடக்க முடியாத உயரம். அகலம் ஒரு மீட்டரளவே. மாவும் மருந்தும் எரிபொருளும் காயம்பட்டோரும் அதன் வழியேதான் சென்று வந்தனர். சுரங்கத்தைக் கடந்தவர்கள் ஏறிச்சென்றது இக்மன் மலைக்கு. அந்த இக்மனை ஒட்டியே பியலாஷ்னிட்சா நிற்கிறது. முந்தைய நாள் நாங்கள் விமானத்தில் வந்திறங்கியது அந்த ஓடுபாதையின் மீதுதான் என்று அறிந்ததும் பிள்ளைகள் இருவரும் மௌனமாயினர். இப்போது மீதமிருக்கும் சிறு பகுதியில் குனிந்து நடந்து வெளியே வந்தபோது, "மேலே போகலாமா?" என்று எவரும் அவசரப்படுத்தவில்லை.

நண்பகலுக்குள் மலையடைந்தோம். கீழே மூடுபனி, மேலே தெளிந்த வெயில். 1984இல் ஆடவர் பனிச்சறுக்குப் போட்டிகள் நடந்த சரிவுகள் அவை. 1993இல் அங்கிருந்த விடுதிகள் எரிக்கப்பட்டன. பின்னர் புதியவை எழுந்தன. போர்க்காலத்தில் அம்மலைப் பகுதிகளில் கண்ணிவெடிகள் புதைக்கப்பட்டு, அவற்றை அகற்றும் பணி ஆண்டுக்கணக்கில் நடந்தது. ஆகவே, குறியிட்ட பாதையைவிட்டு விலகக் கூடாதென்று பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொன்னேன். வேறு இடத்தில் அது விளையாட்டு விதி. அங்கு அது உயிர்க் காப்பு.

பெற்றோர்களே! இந்த வரலாற்றைச் சொல்லும்போது ஒன்றில் கவனமாக இருங்கள். குற்றம் புரிந்தவர்களின் மொழியைப் பேசுகிறார் என்பதற்காக, இன்று அம்மலைகளில் உழைத்துப் பிழைக்கும் ஒருவர்மீது வெறுப்பைப் பிள்ளைகளின் நெஞ்சில் விதைத்துவிடாதீர்கள். ஒரு கூட்டத்தார் மீதுள்ள பகை, நீதி தவறச் செய்துவிடக் கூடாதென்பது நம் மார்க்கத்தின் கட்டளை. அநீதியை மறக்காமலிருப்பதும், நிரபராதியின்மீது பழி சுமத்தாமலிருப்பதும் ஒருசேரக் கற்பிக்கப்பட வேண்டியவை.

ஓர் இரவு விடுதி வாடகையும் அரை நாள் பொழுதும்தான் இதற்கு நாங்கள் கொடுத்த விலை. பனி உருகிவிடும், சறுக்கிய மகிழ்ச்சியும் சில நாட்களில் மங்கிவிடும். நீங்கள் எந்நாட்டுக்குச் சென்றாலும், உல்லாசத்துக்குச் செல்லும் வழியில் ஓர் இரவை அவ்வூர் மக்களின் வாழ்வை அறிவதற்கென ஒதுக்குங்கள். நம் பிள்ளைகளைப் பார்க்கும் கண்ணும் சிந்திக்கும் நெஞ்சும் உடையவர்களாக வல்ல அல்லாஹ் ஆக்கியருள்வானாக! உலகெங்கும் முற்றுகையில் வாடும் மக்களுக்கு விடுதலை அளிப்பானாக! ஆமீன்.