பிள்ளையின் காதில் விழும் நன்றி

"தேங்க்ஸ் சொல்லு" என்று அம்மா தோளைத் தட்டினால் எந்தப் பிள்ளையும் சொல்லிவிடும். அந்தப் பழக்கம் நல்லதுதான். ஆனால் திருநெல்வேலிப் பக்கத்துச் சபை ஒன்றில் பல ஆண்டுகளாக ஞாயிறு பள்ளி நடத்திவரும் எனக்கு உறுதியாகத் தெரிந்தது இது: அப்பாவும் அம்மாவும் வேறொருவருக்கு மனதார நன்றி சொல்வதைக் கேட்டு வளரும் பிள்ளைக்குத்தான் நன்றி தானாக வருகிறது. வேதப்பாடம் அதை ஆழமாக்கும். வீட்டில் கேட்காததை வகுப்பில் மட்டும் ஊன்றிவிட முடியாது.

லூக்கா 17-ஆம் அதிகாரத்தில் வரும் பத்துக் குஷ்டரோகிகளின் கதையை எல்லாப் பிள்ளைகளும் அறிவார்கள். ஒன்பது பேரைக் கெட்டவர்களாக்கிப் பாடத்தை முடிப்பது எளிது. நான் அப்படிச் செய்வதில்லை. ஆசாரியர்களிடம் போய்த் தங்களைக் காட்டும்படி இயேசு சொன்னார், அவர்களும் போனார்கள். "அந்த ஒன்பது பேரும் எங்க போயிருப்பாங்க?" என்று கேட்பேன். "அவங்க அம்மாவப் பாக்க ஓடியிருப்பாங்க டீச்சர்" என்று ஒரு குரல் வரும். ஊருக்கு வெளியே ஒதுங்கிக் கிடந்தவர்கள் அல்லவா? அப்படியே ஓடியிருக்கலாம். அதற்குப் பிறகுதான் பத்தாவது ஆளிடம் வருவேன். நடந்துபோகிற வழியிலேயே பத்துப் பேருக்கும் சுகம் கிடைத்தது. இவன் அதைக் கண்டான், திரும்பினான், உரத்த சத்தமாய்க் கடவுளைப் புகழ்ந்தான், இயேசுவின் காலில் விழுந்தான். இந்த வரிசையைப் பிள்ளைகள் நடித்தே காட்டுவார்கள். கண்டதுதான் முதல். தனக்குக் கிடைத்ததைக் காணாதவன் எதற்காகத் திரும்புவான்? அவன் சமாரியன், யூதர்கள் ஒதுக்கிவைத்த இனத்தவன் என்பதையும் சொல்லாமல் விடமாட்டேன்.

அடுத்த அதிகாரத்திலேயே இன்னொரு நன்றி ஜெபம் இருக்கிறது. பரிசேயன் ஒருவன் தேவாலயத்தில் நின்று, தான் மற்றவர்களைப் போல் இல்லை என்பதற்காகக் கடவுளுக்கு நன்றி சொல்கிறான். தூரத்தில் நிற்கும் ஆயக்காரனையும் சுட்டிக்காட்டுகிறான். அந்த நன்றியை இயேசு ஏற்கவில்லை. பெற்றோர் கூட்டத்தில் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வது இந்தப் பகுதிக்குத்தான். "அந்தப் பிள்ளையைப் பாரு, ஒருவேளைச் சாப்பாட்டுக்கே வழியில்ல. நீ தட்டுல மிச்சம் வைக்குற. ஆண்டவருக்கு நன்றி சொல்லு" என்று நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறோம். பிள்ளை அதிலிருந்து எடுத்துக்கொள்வது என்ன? நான் அவனைவிட மேல் என்பதை. இன்னொரு பிள்ளையின் பசி, நம் பிள்ளையின் தட்டைக் காலிசெய்ய உதவும் கருவியாகக் கூடாது. அந்தப் பசியைச் சொல்வதானால், அந்த வீட்டுக்கு ஒரு தூக்குவாளியில் சோறு கொண்டுபோகும்போது பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போகலாம்.

"உனக்காக எவ்வளவு கஷ்டப்பட்டோம் தெரியுமா" என்பதும் இதே வகைதான். அது அன்பைக் கடன் கணக்காக்கிவிடும். கடன்பட்டவனுக்கு வரும் சங்கடம் நன்றியாகாது.

எங்கள் பக்கத்தில் இன்னும் பல வீடுகளில் ராத்திரி குடும்ப ஜெபம் உண்டு. ஒரு பாட்டு, ஒரு வேதப்பகுதி, பிறகு ஜெபம். பாயில் தூங்கி விழும் பிள்ளைக்கு நீண்ட ஜெபத்தில் ஒன்றும் ஏறாது. "சகல நன்மைகளுக்காகவும் ஸ்தோத்திரம்" என்று மொத்தமாகச் சொல்வதைவிட, "இன்னைக்கு மழையில என் வண்டி நின்னப்போ தள்ளிவிட்ட தம்பிக்காக நன்றி ஆண்டவரே" என்று அப்பா சொன்னால் பிள்ளை கண்ணைத் திறந்து பார்க்கும். அடுத்து தன் பங்கு வரும்போது அதுவும் ஒன்றைத் தேடும். பென்சில் தந்த தோழியோ, குட்டி போட்ட ஆடோ, எதுவானாலும் சரி.

வாசிக்கத் தெரியாத சிறுபிள்ளைகளுக்கு 136-ஆம் சங்கீதம் நான் கண்ட மிக நல்ல துணை. அதன் 26 வசனங்களும் ஒரே பல்லவியில் முடிகின்றன. முன்பாதியைப் பெரியவர் வாசிக்க, பல்லவியைப் பிள்ளைகள் சொல்லலாம். சூரியனையும் சந்திரனையும் படைத்ததைச் சொல்லி, எகிப்திலிருந்து பெற்ற விடுதலையைக் கடந்து, எல்லா உயிருக்கும் ஆகாரம் கொடுப்பதில் வந்து சேர்கிறது அந்தச் சங்கீதம்.

நன்றி வாயோடு நின்றுவிடாமல் கைக்கும் வர வேண்டும். உலைக்கு அரிசி அளக்கும்போது அம்மா ஒரு பிடி எடுத்துக் காணிக்கைக்கென்று தனியே போடுவதைப் பார்த்து வளர்ந்த தலைமுறை எங்களுடையது. இந்திய மிஷனரி சங்கம் 1903-இல் பாளையங்கோட்டையில் தொடங்கி, தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கலுக்கு ஊழியர்களை அனுப்பியபோது, அதைத் தாங்கியது எங்கள் பக்கத்துச் சபைகளின் காணிக்கைதான். தாங்கள் பெற்றதை இன்னொரு ஊருக்கு அனுப்பியதில் அவர்களின் நன்றி இருந்தது.

அறுப்பின் பண்டிகைக்கும் இதையே சொல்வேன். கடையில் வாங்கிய பழத்தட்டைப் பிள்ளை கையில் திணிக்காதீர்கள். வீட்டுக்குப் பின்னால் இரண்டு வெண்டை விதையை ஊன்ற வையுங்கள், தண்ணீர் ஊற்றட்டும். காய்த்ததை அதுவே சுமந்துவந்து பலிபீடத்துக்கு முன்னால் வைக்கட்டும். காணிக்கைப் பொருள்களின் ஏலத்தில் அந்தக் காயை யாரோ கூடுதல் விலைக்குக் கேட்கும்போது பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். வாழைத்தார், கருப்பட்டி, கோழி என்று குவிந்திருக்கும் இடத்தில் ஒரு விதவைத் தாய் கொண்டுவந்த நாலு முட்டையை உங்கள் வீட்டுத் தலைவர் மரியாதையோடு ஏலம் எடுப்பதையும் பிள்ளை பார்க்கட்டும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. துக்கத்தில் இருக்கும் பிள்ளையிடம் நன்றியைக் கேட்கவே கூடாது. தகப்பனை இழந்த பிள்ளை, ஜெபச் சுற்று தன்னிடம் வரும்போது பேசாமல் இருந்தால், கையைப் பிடித்துக்கொண்டு அடுத்தவரிடம் போய்விடுவேன். சங்கீதப் புத்தகத்தில் புலம்பல்கள் ஏராளம். கடவுள் அவற்றையும் கேட்கிறவர் என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரிய வேண்டிய முதல் பாடம்.

பெற்றோரிடம் என் வேண்டுகோள் சிறியது. ஞாயிறுதோறும் நமக்கு முன்னால் வந்து கோயிலைப் பெருக்கி, மணி அடித்து, எல்லோரும் போன பிறகு கதவைப் பூட்டுகிற கோயில்பிள்ளையை உங்கள் பிள்ளை பார்த்திருக்கும். இன்று ராத்திரி ஜெபத்தில் அவர் பெயரைச் சொல்லுங்கள். வரும் ஞாயிறு, பிள்ளை பக்கத்தில் நிற்கும்போதே, அந்த நன்றியை அவரிடமும் நேரில் சொல்லுங்கள்.