மணல்மேடுதான் தண்ணீர்த் தொட்டி

ஒருபக்கம் வங்கக்கடல், மறுபக்கம் உவர்நீர் ஏரி. நடுவிலுள்ள மணல்திட்டில் பழவேற்காட்டு மீனவக் குப்பங்கள். இத்தகைய மணல்மேட்டில் ஆழமில்லாமல் ஊற்று தோண்டினால் நல்ல தண்ணீர் சுரக்கும்.

இப்படி வியக்கவைக்கும் தண்ணீர் எகிப்திலும் உண்டு. சினாய் பாலைவனத்தில், சூயஸ் அருகே இருக்கின்றன ‘மோசே ஊற்றுகள்’. கசந்த தண்ணீரில் மோசே ஒரு மரத்தைப் போட்டதும் இனித்ததாக பைபிள் சொல்லும் இடம் இதுதான் என்பது நம்பிக்கை.

குப்பத்து ஊற்றை இனிக்கவைப்பது மழை. மணலில் இறங்கும் மழைநீர், எடை அதிகமான உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் இருந்தால், கீழே சுமார் 40 அடி இருக்கும். மோட்டார் போட்டு அந்த 1 அடியை இறைத்துவிட்டால், உப்புநீர் 40 அடி மேலேறிவிடும்.

கடலோர விவசாயிகளே, ஆழமாக போர் போடாதீர்கள். ஆழமில்லாத கிணற்றில் விட்டுவிட்டு இறையுங்கள். மணல்மேட்டை அள்ளவிடாதீர்கள்.