முதலில் யாரிடம் போவது

திருவண்ணாமலையில் பிழைப்பு பௌர்ணமியை ஒட்டியது. மலையைச் சுற்றிய 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் இளநீர் வெட்டுகிறவர், ஆட்டோ ஓட்டுகிறவர், பூ கட்டுகிறவர், அறை வாடகைக்கு விடுகிறவர் என எல்லாரும் அந்த ஒன்றிரண்டு நாள் கூட்டத்தை நம்பித்தான் மாதத்தை ஓட்டுவார்கள். நான் கணக்கு எழுதிய லாட்ஜிலும் அப்படித்தான். பௌர்ணமிக்கு ஓர் அறை மிச்சமிருக்காது. மற்ற நாட்களில் பாதிச் சாவிகள் பலகையிலேயே தொங்கும். 2020 மார்ச்சில், மாசிப் பௌர்ணமிக்கு வந்த கூட்டம்தான் கடைசி. பங்குனி உத்திரத்துக்கு முன்பே கோயில் பக்தர்களுக்கு மூடப்பட்டது, மார்ச் 25 முதல் நாடு முழுக்க ஊரடங்கு. முதலாளி ஏப்ரலுக்குப் பாதிச் சம்பளம் கொடுத்தார். மே மாதம் கூப்பிட்டு, “கோயில் தொறந்ததும் சொல்லி அனுப்புறேம்மா” என்றார். என் வீட்டுக்காரருடைய ஆட்டோவும் தெருவிலேயே நின்றது. இரண்டு வருமானமும் ஒரே நேரத்தில் போயிற்று.

கடன் மட்டும் நிற்கவில்லை. ஆட்டோவுக்கு ஃபைனான்ஸ், ஒன்றரை லட்சத்துக்குச் சற்று மேல் பாக்கி. என் பெயரில் மகளிர் குழு லோன். கூட்டுறவு சொசைட்டியில் மூன்றரைப் பவுன் அடகு. ஆட்டோ ரிப்பேருக்காக வாங்கிய தண்டல்: 10,000 என்று பேச்சு, கையில் கொடுத்தது 8,500, தினம் நூறாக நூறு நாள் கட்ட வேண்டும். இவற்றோடு மளிகைக்கடைப் பாக்கி, வீட்டு வாடகை.

பழைய லாட்ஜ் நோட்டில் எல்லாப் பெயரையும் எழுதினேன். கணக்கு எழுதிப் பழகிய கைக்கு, பயம்கூட எழுதிவிட்டால் கொஞ்சம் அடங்கும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரே கேள்வி: இவருக்குக் கட்டாவிட்டால் நாங்கள் எதை இழப்போம், இவர் எதை இழப்பார்?

எழுதி முடித்ததும் ஒன்று தெரிந்தது. கடனில் இருக்கிற வீடு பெரும்பாலும், சத்தம் போடுகிறவருக்குத்தான் முதலில் கொடுக்கிறது. வாசலில் நின்று பேசுகிறவரை அனுப்பிவிடத் துடிக்கிறோம். பொறுத்துக்கொள்கிற மளிகைக்காரரும் வீட்டுக்காரம்மாவும் கடைசிக்குத் தள்ளப்படுகிறார்கள். அவர்கள் பொறுமைக்கு நாம் கொடுக்கும் கூலி அது. எங்கள் வீட்டில் அப்படி நடக்கக் கூடாது என்று அன்றே முடிவு செய்தேன். யாரும் வாசலுக்கு வருவதற்கு முன் நாமே போய்ச் சொல்லிவிடுவது, முடியாத தொகையைச் சொல்லாமல் இருப்பது என்றும் இருவரும் பேசிக்கொண்டோம்.

முதலில் போனது மளிகைக்கடைக்கு. “அண்ணே, வேலை போயிடுச்சு. பழைய பாக்கியை இப்ப அடைக்க முடியாது. இனிமே வாங்குறதுக்கு அப்பப்ப காசு குடுத்துடுறேன், பாக்கியை வாரம் நூறா கழிக்கிறேன்” என்றேன். அவர் நோட்டைப் புரட்டாமலே, “நூறு வேணாம்மா, அம்பது குடு, விடாம குடு. எனக்கும் மொத்தக் கடையில கடன் நிக்குது” என்றார். அவர் பேரேட்டில் எங்கள் தெருவின் பாதி வீடுகள் இருந்தன என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வீட்டுக்காரம்மாவுக்குக் கணவர் இல்லை, எங்கள் வாடகைதான் அவருக்கு மாத்திரைச் செலவு. அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொன்னேன். “அது நீங்க போகும்போது குடுக்க வேண்டிய காசு, அதத் தொட மாட்டேன். பாதி வாடகை குடு, மீதிய எழுதி வை” என்றார். எழுதிவைத்தேன்.

ஃபைனான்ஸ் விஷயம் வேறு. ரிசர்வ் வங்கி மார்ச் 27 அன்று தவணைக்கு மூன்று மாத அவகாசம் தர அனுமதித்தது, மே 22 அன்று அதை ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தது. டிவியில் கேட்ட பலர் ஆறு மாதத் தவணை தள்ளுபடி என்றே நினைத்துக்கொண்டார்கள். உண்மையில் வட்டி ஓடிக்கொண்டே இருந்தது. ஒன்றரை லட்சம் பாக்கிக்கு ஆண்டுக்கு 20 சதவீதம் என்று வைத்தால் ஆறு மாதத்தில் 15,000 ரூபாய் வட்டி மட்டும் ஏறும். வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டு, “ஆறு மாசம் கழிச்சு மொத்தம் எத்தனை தவணை கூடும்?” என்று கேட்டேன். போனை எடுத்த பெண்ணுக்குச் சொல்லத் தெரியவில்லை. எழுத்தில் அனுப்பச் சொன்னேன். மெசேஜ் வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் அவகாசத்துக்குச் சம்மதித்தோம். கட்ட வழியிருந்தவர்கள் கட்டியிருந்தால் அவர்களுக்கு நல்லது, எங்களுக்கு வழியில்லை. பின்னால் அக்டோபரில் மத்திய அரசு, 2 கோடி ரூபாய் வரையிலான கடன்களுக்கு அந்த ஆறு மாதத்தின் வட்டிக்கு வட்டியைத் திருப்பித் தருவதாக அறிவித்தது. எங்கள் கணக்கில் சில நூறு ரூபாய் வந்தது. வட்டி அப்படியே பாக்கியாக நின்றது.

குழு லோன்தான் ஆளை உலுக்கியது. அதில் ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் பொறுப்பு. கடன் கொடுத்தவரைவிட, பக்கத்து வீட்டு அக்காவின் முகத்தைப் பார்க்கத்தான் பயம் வரும். ஜூன் மாதம் வசூலுக்கு வரும் பையன் பொழுது சாய்ந்த பிறகு வந்து திண்ணையில் உட்கார்ந்தான். “கட்டாம எழுந்திருக்க மாட்டேன்” என்றான். குழுப் பெண்கள் நான்கைந்து பேர் கூடிவிட்டார்கள். ஒருத்தி தன் மூக்குத்தியைக் கழற்றப் போனாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“தம்பி, ஆகஸ்ட் வரைக்கும் அவகாசம் இருக்கு. உங்க கம்பெனி எங்களுக்குத் தரலைன்னா அதை எழுதிக் குடுங்க” என்றேன். அவன் மேனேஜருக்குப் போன் போட்டான். தள்ளிப் போய்ப் பேசிவிட்டு வந்தவன் குரல் இறங்கியிருந்தது. “எனக்கும் வசூல் ஆனாதான் சம்பளம்கா” என்றான். அவனும் ஏதோ கிராமத்திலிருந்து பைக்கில் வருகிற பிள்ளை. அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. பொழுது சாய்ந்தபின் பெண்கள் வீட்டுத் திண்ணைக்கு அவனை அனுப்பிய ஏற்பாட்டின் மேல்தான் கோபம். பொதுவான ஓர் இடத்தில்தான் வசூலிக்க வேண்டும், அங்கே அடுத்தடுத்து இரண்டு முறை வராதவர் வீட்டுக்கு மட்டுமே ஆள் போகலாம் என்று குழு லோன் தரும் நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கி விதி அப்போதே இருந்தது. எங்களில் யாருக்கும் அது தெரியாது. பிறகுதான் குழு லோன் வாங்கிய வேறு தெருப் பெண் ஒருத்தி, தன் அட்டையின் பின்பக்கத்தைப் படித்துச் சொன்னாள்.

மறுநாள் குழுவாகவே கிளைக்குப் போனோம். வெள்ளைத்தாளில், இன்னார் இன்னார், வேலை இழந்திருக்கிறோம், ஆகஸ்ட் வரை அவகாசம் வேண்டும், செப்டம்பரிலிருந்து கட்டுகிறோம் என்று எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். இரண்டு பிரதி. ஒன்றில் சீல் வாங்காமல் வெளியே வர மாட்டோம் என்று நின்றோம். சீல் போட்டுக் கொடுத்தார்கள். தனியாகப் போயிருந்தால் அந்தச் சீல் கிடைத்திருக்காது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

தண்டல்காரர் கத்தினார். தெருவே கேட்டது. தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் 2003இலிருந்தே இருக்கிறது. ஆனால் 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வாசலில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பம் தீக்குளித்த படத்தைப் பார்த்தவர்களுக்குச் சட்டம் என்ற சொல் மட்டும் தைரியம் தராது. என் வீட்டுக்காரர் அவரிடம் ஒன்றைத்தான் சொன்னார்: “அண்ணே, ஆட்டோ ஓடுற நாள்ல அம்பது ரூபா. ஓடாத நாள்ல இல்ல. இதுக்கு மேல நீங்க கத்துனாலும் என்கிட்ட இல்ல.” அவர் கத்திவிட்டுப் போனார். ஆட்டோ ஓட ஆரம்பித்ததும் ஐம்பதை வாங்கிக்கொள்ளவும் செய்தார்.

செப்டம்பர் 1 அன்று கோயில் திறந்தது. கிரிவலத்துக்கு மட்டும் மாதாமாதம் தடை. நவம்பர் 29 கார்த்திகை தீபத்துக்கும் வெளியூர் பக்தர்கள் வரவில்லை. மலையில் தீபம் எரிந்தது, கீழே லாட்ஜ்கள் இருட்டாக இருந்தன. நான் ஒரு பாத்திரக்கடையில் கணக்கு எழுதப் போனேன், பழைய சம்பளத்தில் பாதிக்கு.

அடகு நகையை மறந்ததே இல்லை. கெடு தப்பினால் ஏலம் போகிற பொருள் அது. எவ்வளவு நெருக்கத்திலும் சொசைட்டிக்கு வட்டி கட்டிப் புதுப்பித்தோம். 2020 ஆகஸ்டில் பவுன் 43,000 ரூபாயைத் தாண்டியபோது, விற்றுவிடச் சொல்லாத சொந்தக்காரர் இல்லை. விற்கவில்லை. 2021 செப்டம்பரில், கூட்டுறவு நிறுவனங்களில் ஐந்து பவுனுக்கு உட்பட்ட நகைக்கடன் தள்ளுபடி என்று சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். தகுதிப் பட்டியலில் எங்கள் ரேஷன் அட்டை எண்ணும் இருந்தது. நகை கைக்கு வந்தது. ஏலத்தில் விட்டிருந்தவர்களுக்கு அந்த அறிவிப்பால் ஒன்றுமில்லை என்பதை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

2022 ஏப்ரல் முதல், குழு லோன் வசூலுக்குக் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் பேசக் கூடாது, ஒரு குடும்பத்தின் கடன் தவணைகள் எல்லாம் சேர்ந்து வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று ரிசர்வ் வங்கி விதி கொண்டுவந்தது. அதை நான் மஞ்சள் தாளில் பெரிய எழுத்தில் எழுதி, குழு கூடும் வீட்டுச் சுவரில் ஒட்டினேன். ஒருநாள் கிழிந்து கிடந்தது. மறுபடி எழுதி ஒட்டியிருக்கிறேன்.

ஆட்டோவுக்குக் கடைசித் தவணை கட்டி, தடையில்லாச் சான்று வாங்கி, ஆர்.சி. புத்தகத்தில் ஃபைனான்ஸ் பெயரை நீக்கியாயிற்று. மளிகைக்கடையில் பாக்கி இல்லை. வீட்டுக்காரம்மாவுக்கு எழுதிவைத்த பாதி வாடகைகள் இன்னும் முடியவில்லை. மாதம் ஐந்தாம் தேதி வாடகையோடு ஐந்நூறு சேர்த்துக் கொடுக்கிறோம், அவர் நோட்டில் கையெழுத்துப் போடுகிறார்.