இரண்டு ஆறுகளுக்கு நடுவே

புதுச்சேரி நகரிலிருந்து கடலூர் நோக்கித் தெற்கே செல்லும் நெடுஞ்சாலையில், முருங்கப்பாக்கத்தை அடுத்து ஒரு பாலம் வருகின்றது. அதன்கீழ் ஓடுவது அரியாங்குப்பம் ஆறு. பாலத்தைத் தாண்டினால் அரியாங்குப்பம். ஆரோக்கிய அன்னையின் ஆலயம் அமைந்த அவ்வூரைக் கடந்து மேலும் சிறிது தொலைவு சென்றால், நோணாங்குப்பத்தில் மற்றொரு பாலம்; அதன்கீழ்ச் சுண்ணாம்பாறு. இவை இரு வேறு ஆறுகள் என்று வழிப்போக்கர் எண்ணக்கூடும். உண்மையில் இவை ஒரு தாயின் இரு பிள்ளைகள். செஞ்சிப் பக்கத்து மலைகளில் தோன்றி, வீடூர் அணையில் தங்கி, வில்லியனூர் வழியே வரும் சங்கராபரணி, கடலை நெருங்கும்போது இரண்டாகப் பிரிந்துவிடுகின்றது. வடகிளை தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தின் அருகே கடலில் கலக்கின்றது. தென்கிளை நோணாங்குப்பத்திற்குக் கிழக்கே கலக்கின்றது. அவ்விரு கிளைகளுக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே அரியாங்குப்பமும், காக்காயந்தோப்பும், வீராம்பட்டினமும் அமைந்திருக்கின்றன.

இவ்வூருக்கு வாழ்வளித்ததும் நீரே. ஆற்றங்கரையிலுள்ள அரிக்கமேட்டில் 1945-ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் அகழ்ந்து ஆராய்ந்தபோது, ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ரோமானியப் பேரரசோடு வாணிகம் நடத்திய துறைமுகம் ஒன்றின் சுவடுகள் வெளிப்பட்டன. பொங்கும் கடலிலிருந்து ஒதுங்க ஆற்றின் அமைதியான நீரை நாடி மரக்கலங்கள் வந்தன போலும். மற்றொரு வரலாறும் நம் நினைவில் நிற்கத் தக்கது. கீழை நாடுகளில் மூண்ட போர்க் குழப்பத்தால் இடம்பெயர்ந்த குருமடம் ஒன்று, 1770-களில் இதே ஆற்றோரம் புகலிடம் கண்டது. பின்னாளில் வியத்நாம் வரலாற்றில் பெயர்பெற்ற ஆயர் பிஞ்ஞோ தெ பெஹேன் அதனோடு தொடர்புடையவர். அதன் செங்கற் சுவர்களின் இடிபாடுகள் அரிக்கமேட்டுத் தோப்பில் நிற்கின்றன. அலைந்து வந்தோர்க்கு இடம் கொடுத்த கரை இது. அக்கரையில் வாழ்வோர்க்கே இடம் தேவைப்பட்ட ஒரு நாளைப் பற்றித்தான் இங்கே எழுத விழைகின்றோம்.

2024-ஆம் ஆண்டு நவம்பர் 30, சனிக்கிழமை இரவு, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையைக் கடந்தது. கரையேறிய புயல் விரைந்து உள்நாட்டுக்குள் சென்று வலுவிழப்பது வழக்கம். இப்புயலோ நகர மறந்ததுபோல் மணிக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றது; நின்ற இடத்திலேயே கொட்டித் தீர்த்தது. மறுநாட்காலை வரையிலான 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் ஏறத்தாழ 46 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஓர் ஆண்டு முழுவதும் இங்குப் பெய்வது சராசரியாக 130 சென்டிமீட்டர் அளவே. ஆண்டு மழையில் மூன்றிலொரு பங்கு ஒரே இரவிலும் பகலிலும் இறங்கியதென்றால், அது எத்தகைய மழை என்பதை வாசகர்களே உணரலாம்.

விடிந்தது டிசம்பர் முதல் நாள். திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. அன்று புதுச்சேரி நகரின் கிருஷ்ணா நகர் முதலிய பகுதிகளில் வீடுகளுக்குள் அகப்பட்டவர்களை இராணுவத்தினர் படகுகளில் மீட்டனர். மழை ஓய்ந்தபின்னும் துன்பம் ஓயவில்லை. திருவண்ணாமலை மாவட்டத்துச் சாத்தனூர் அணையிலிருந்து டிசம்பர் 2 அன்று வினாடிக்கு 1.68 இலட்சம் கனஅடி அளவுக்குத் தண்ணீர் திறக்கப்பட, தென்பெண்ணை பெருக்கெடுத்துக் கடலூர்ப் பகுதியையும், அரியாங்குப்பத்திற்குத் தெற்கேயுள்ள பாகூர்ப் பகுதியையும் சூழ்ந்தது. வீடூர் அணையின் உபரி நீரால் சங்கராபரணியும் கரைபுரண்டது.

இத்தகைய கழிமுகத்து ஊர்களில் வெள்ளம் ஏன் இவ்வளவு பிடிவாதமாக நிற்கின்றது என்பதை அறிந்துகொள்வது நல்லது. தெருவில் விழுந்த மழை வாய்க்காலுக்குப் போக வேண்டும். வாய்க்கால் ஆற்றில் சேர வேண்டும். ஆறு கடலில் கலக்க வேண்டும். புயல் நாளில் கடல் பொங்கி, ஆற்று நீரை ஏற்க மறுக்கின்றது. நிறைந்த ஆறு வாய்க்காலை ஏற்க மறுக்கின்றது. நிறைந்த வாய்க்கால் தெருவை நோக்கித் திரும்புகின்றது. ஒன்றன்பின் ஒன்றாக மூன்று கதவுகள் அடைபட்டுவிட, எஞ்சியிருக்கும் ஒரே கதவு நம் வீட்டு வாயிற்கதவுதான். பள்ளமான மனையில் குடியிருக்கும் ஏழைக்கு அக்கதவும் காவலாவதில்லை.

வெள்ளம் வடிந்து சில கிழமைகள் சென்றபின், ஆற்றை ஒட்டிய தெருக்கள் சிலவற்றில் நடந்தோம். சுவர்தோறும் இடுப்பளவில் பழுப்பு நிறத்தில் ஒரு கோடு. யாரோ நூல் பிடித்து வரைந்ததுபோல் வீடு வீடாக அது தொடர்ந்து சென்றது. திண்ணைகளில் பாயும், தலையணையும், பிள்ளைகளின் பாடப் புத்தகங்களும் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. ஒரு வாயிலில் முறத்தில் அரிசி பரப்பிக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தோம். “தண்ணி வர்றது சத்தமே கேக்காதுங்க. ராத்திரி காலைக் கீழ வெச்சேன், சில்லுன்னு இருந்துச்சு. அப்பத்தான் தெரிஞ்சுது,” என்றார்.

அதன்பின் நடந்தவற்றை அவரே அடுக்கிக் கூறினார். எதிர்வீடு மாடி வீடு. அவ்வீட்டார் இருளில் விளக்கைக் காட்டி, “அத்தே, மேல வந்துடுங்க!” என்று குரல் கொடுத்தனர். தெருவில் கயிறு கட்டி, ஒருவர் கையை ஒருவர் பற்றிக் கடந்தனர். அந்த மாடியில் அன்றிரவு ஆறு குடும்பங்கள். ஒருவர் எரிவாயு உருளையைத் தோளில் சுமந்து ஏறினார். ஒருவர் அரிசி மூட்டையைக் காத்தார். சர்க்கரை நோயாளி ஒருவருக்கு ஊசி மருந்து கெடாதிருக்க வேண்டும், மின்சாரமோ இல்லை. மண்பானைத் தண்ணீருக்குள் சிறு டப்பாவில் அடைத்து வைத்துக் காப்பாற்றினர். மூன்று நாள்கள் ஒரே உலையில் சோறு பொங்கிற்று. ஆண்டுக்கணக்கில் வேலித் தகராறால் பேசாதிருந்த இரு குடும்பத்தார் அதே உலைச்சோற்றை ஒரே பாயில் அமர்ந்து உண்டனர் என்பதைக் கூறும்போது மட்டும் மூதாட்டி சிரித்தார்.

கேட்கக் கேட்க நெஞ்சம் குளிர்ந்தது. ஆயினும் அதே தெருவில் கேட்ட மற்றொரு செய்தி நம்மைச் சிந்திக்க வைத்தது. தெருக்கோடியில் ஓர் ஒற்றை அறை வீடு. வேலை நிமித்தம் வெளி மாவட்டத்திலிருந்து வந்து, அங்கு வாடகைக்குக் குடியிருந்தனர் ஓர் இளந்தம்பதியர். கைக்குழந்தை ஒன்று. மாதங்கள் சிலவே ஆகியிருந்தமையால் தெருவில் ஒருவரோடும் அவர்களுக்குப் பழக்கமில்லை. அன்றிரவு அவர்கள் கதவை எவரும் தட்டவில்லை. வெறுப்பினால் அன்று, உள்ளே ஆள் இருக்கின்றார்கள் என்றே எவருக்கும் தெரியாது. யார் வீட்டுக் கதவைத் தட்டுவதென்று அவர்களுக்கும் தெரியவில்லை. கட்டிலின்மேல் நாற்காலியைப் போட்டு, அதன்மேல் மனைவியையும் குழந்தையையும் அமர்த்திவிட்டு, அம்மனிதர் விடியும்வரை தண்ணீரில் நின்றிருக்கின்றார்.

காலையில் அவர்களைக் கண்டுபிடித்தவர் பால் விற்பவர். அந்த வீட்டில் நாள்தோறும் அரை லிட்டர் பால் வாங்குவார்கள், குழந்தை இருக்கின்றது என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். மாடியில் கூடியிருந்தோரிடம், “கோடி வீட்டுப் பிள்ளைக்காரங்க எங்கே?” என்று அவர் கேட்டபோது ஒருவரிடமும் விடை இல்லை. இளைஞர் இருவர் உடனே நீந்திச் சென்று மூவரையும் மாடிக்குக் கொணர்ந்தனர்.

இந்நிகழ்ச்சியை எண்ணிப் பார்ப்போம். அத்தெருவார் கல் நெஞ்சர் அல்லர். ஆறு குடும்பங்களுக்கு இடம் கொடுத்தவர்கள். துணிவுக்கும் குறைவில்லை. குறைந்தது அறிமுகம் ஒன்றுதான். நல்ல சமாரியன் வழியில் கிடந்தவனைக் கண்டான், கண்டதனால் இரங்கினான். நம் பக்கத்தில் வாழ்பவரை நாம் காணாமலேயே இருந்தால், நம் நெஞ்சிலுள்ள இரக்கம் யாருக்குப் பயன்படும்?

இதே வட்டாரத்தில் இதற்கு நேர்மாறான சான்று ஒன்றும் உண்டு. அரியாங்குப்பத்திற்குத் தெற்கே கடற்கரையில் நல்லவாடு என்னும் மீனவர் ஊர் இருக்கின்றது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் புதுச்சேரிச் சிற்றூர்களில் தகவல் மையங்களை ஏற்படுத்தியபோது, நல்லவாட்டிலும் ஒன்று அமைந்தது. ஊர்மக்களுக்கு வேண்டிய செய்திகள் அங்கிருந்து ஒலிபெருக்கி வாயிலாக அறிவிக்கப்பட்டன. 2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. முன்பு அம்மையத்தில் தொண்டராக இருந்து, பின்னர்ச் சிங்கப்பூரில் பணியாற்றிய இவ்வூர் மீனவர் மகன் ஒருவர், ஆழிப்பேரலைச் செய்தியைத் தொலைக்காட்சியில் கண்டு உடனே வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். செய்தியறிந்த ஊரார் மையத்தின் பூட்டை உடைத்து உள்ளே சென்று, ஒலிபெருக்கியில் எச்சரிக்கை விடுத்தனர். ஏறத்தாழ 3,600 மக்கள் கரையை விட்டு அகன்றனர். வீடுகளும் படகுகளும் அழிந்தன; ஆனால் ஊரில் ஓர் உயிரும் போகவில்லை.

இதில் நாம் கற்க வேண்டியது யாது? அந்த ஒலிபெருக்கி பேரிடருக்கென்று பெட்டியில் பூட்டி வைக்கப்பட்ட கருவி அன்று. அன்றாடச் செய்திக்குப் பயன்பட்ட கருவி. அக்குரலை நம்பிப் பழகியிருந்த மக்கள், ஆபத்து நாளிலும் நம்பினர். ஐயுற்று நிற்காமல் ஓடினர். சாதாரண நாளில் பழகிய பழக்கமே பேரிடர் நாளில் உயிர் காத்தது.

2018 ஆகஸ்டில் கேரளத்தை வெள்ளம் சூழ்ந்தபோதும் இவ்வுண்மை விளங்கிற்று. திருவனந்தபுரம், கொல்லம் கரையோர மீனவர்கள் தம் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு, கடலே காணாத உள்நாட்டு ஊர்களுக்குச் சென்று பல்லாயிரவரை மீட்டனர். அவர்களில் மிகப் பலர் நம்மைப் போன்ற பங்கு மக்கள். ஆலயங்களிலிருந்து சென்ற ஓர் அழைப்பு அவர்களைத் திரட்டப் போதுமாயிருந்தது. நாள்தோறும் ஒருவர் தோள்மேல் ஒருவர் கைவைத்துப் படகு தள்ளிப் பழகியவர்கள் அல்லவா!

ஆகவே வெள்ளத்திற்கு ஆயத்தமாகும் வேலை, வானம் தெளிந்திருக்கும் நாளிலேயே தொடங்க வேண்டியது. அதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. ஒவ்வொரு தெருவிலும் முதியோர், நோயாளர், கருவுற்ற தாய்மார், கைக்குழந்தையுடையோர், தனித்து வாழ்வோர், புதிதாகக் குடிவந்தோர் ஆகியோரின் வீடுகளைக் குறித்து ஒரு பட்டியல் எழுதுவோம். எம்மதத்தவர் என்னும் வேறுபாடு அதில் வேண்டா. தண்ணீர் எதற்கும் மதம் கேட்பதில்லை. எவர் வீட்டு மாடி எவர்க்குப் புகலிடம், எந்த இளைஞர் எந்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும் என்பதை முன்னரே பேசி முடிவு செய்வோம். குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் சான்றிதழ்கள் ஆகியவற்றை நீர் புகாத உறையிலிட்டு ஒரே இடத்தில் வைப்போம். தண்ணீர் படியேறுமுன் மின்சாரத்தின் முதன்மை விசையை நிறுத்துவோம். வடிந்தபின் கிணற்றையும் தொட்டியையும் தூய்மை செய்து குளோரின் இடும்வரை, நீரைக் காய்ச்சிப் பருகுவோம். சேற்றில் வெறுங்காலோடு இறங்குவது எலிக்காய்ச்சலுக்கு வழி என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுவோம். தெருவின் வாய்க்காலில் குப்பை கொட்டுவது அயலான் வீட்டுக்குள் வெள்ளத்தை அனுப்புவதற்கு ஒப்பாகும் என்பதையும் உணர்வோம்.

உதவும் முறையிலும் கண்ணியம் வேண்டும். 2024 வெள்ளத்திற்குப்பின் புதுச்சேரி அரசு குடும்ப அட்டைதாரர் ஒவ்வொருவருக்கும் 5,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தது. பலருக்கு அது கைகொடுத்தது. ஆனால் குடும்ப அட்டையைச் சொந்த ஊரில் வைத்திருக்கும் வாடகைக் குடியினர்க்கு அத்தகைய உதவி எட்டுவது அரிது. அவ்வாறு விடுபட்டோரைத் தேடிச் செல்வது அயலாரின் கடமை. கிழிந்த பழந்துணிகளை மூட்டையாகக் கட்டி அனுப்பிவிட்டு மனநிறைவு கொள்வதைவிட, அவர்கள் வாயிலில் நின்று, “என்ன வேண்டும்?” என்று கேட்பது மேல். ஒருவர்க்கு உலர்ந்த பாய் வேண்டியிருக்கும், ஒருவர்க்கு அடுப்பு, பள்ளிப் பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம், கூலித் தொழிலாளிக்கு, நனைந்து பழுதான தையல் இயந்திரத்தைச் செப்பனிடும் செலவு.

ஆண்டுதோறும் ஐப்பசியும் கார்த்திகையும் வரும். வடகிழக்குப் பருவமழையும் வரும். சங்கராபரணி தன் இரு கரங்களையும் விரித்துக்கொண்டு அரியாங்குப்பத்தின் இருபுறமும் கடலுக்குச் செல்லும். அதனை நாம் தடுக்க இயலாது. நம் தெருவின் கடைசி வீட்டில் குடியிருப்போரின் பெயரைத் தெரிந்துகொள்வதோ இன்று மாலையே இயலும். இவ்விதழை வாசித்து முடித்தபின், அந்த வீடு வரை ஒரு நடை சென்று வருவீர்களா?