முட்டை தெரியுதா மக்ளே

மார்த்தாண்டத்தைச் சுற்றிய ஊர்களில் அன்று தேன் பெட்டி இல்லாத விளை குறைவு. 1920களில் ஸ்பென்சர் ஹேட்ச் என்ற அமெரிக்கர் ஒய்.எம்.சி.ஏ. வழியாகத் தொடங்கிவைத்த கைத்தொழில்களில் அதுவும் ஒன்று. எங்கள் பாட்டா அவரைக் கண்டதே இல்லை. அங்கே படித்த யாரிடமோ பழகியவர். ஆனாலும் தேனீயைப் பற்றிப் பேச்செடுத்தால் "சாயிப்பு சொன்னாரு" என்றுதான் ஆரம்பிப்பார்.

ரப்பர் மரங்களுக்கு நடுவே, எறும்பு ஏறாதபடி கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் விட்டுக்கொண்டு பெட்டிகள் நிற்கும். அந்தக் கிண்ணங்களை நிரப்புவதுதான் எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம். பெட்டி வாசலுக்கு நேராக நின்றுவிட்டால் போதும், "மாறுல, அதுக வேலைக்குப் போற வழில்லா" என்று துண்டை வீசுவார்.

வெயில் ஏறிய ஒரு காலையில்தான் கூப்பிட்டார். தலையில் எண்ணெய் மணத்தது என்று திருப்பி அனுப்பி, குளித்துவிட்டு வந்த பிறகே பக்கத்தில் சேர்த்தார். தேங்காய்க் கதம்பலைக் கனியவைத்து வாசலில் இரண்டு ஊது ஊதி, பெட்டியில் விரலால் தட்டி, காதை வைக்கச் சொன்னார். உள்ளே எல்லாம் சேர்ந்து 'உஸ்ஸ்' என்றது, அந்தச் சத்தம் என் வயிற்றுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது, அதற்குள் மூடி திறந்து சூடான மெழுகும் தேனும் கலந்த ஒரு வாசனை முகத்தில் அடிக்க, பயந்ததை மறந்து எட்டிப் பார்த்தேன்.

சட்டத்தை நேர்க்குத்தாகத் தூக்க வேண்டும். படுக்கவைத்தால் இளம் அடை சூட்டில் ஒடிந்து விழும். திருப்பிப் பார்ப்பதும் பெட்டிக்கு மேலேயே வைத்துத்தான். ராணி தவறினாலும் உள்ளே விழுமே. நம்மூர் ஈக்கள் நிலையாக நிற்காதவை. ஒரு கோடிக்கு ஓடி, சட்டத்தின் அடியில் கொத்தாகத் தொங்கும். அந்தக் கொத்துக்குள் நான் ராணியைத் தேடினேன். கிரீடம் இருக்காது என்பது தெரியும்தான், ஆனாலும் ஏதாவது இருக்கும் என்று நினைத்தேன்.

"ராணியைத் தேடாத மக்ளே. முட்டை தெரியுதா பாரு."

சூரியனுக்கு முதுகைக் காட்டி நிறுத்தி, தோளுக்கு மேலாக வெளிச்சம் அறைக்குள் விழும்படி என் கையைப் பைய சாய்த்தார். வெகுநேரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒன்று தெரிந்தது, ஒன்று தெரிந்ததும் எல்லாம் தெரிந்தன: அறைக்கு ஒன்றாக, வெள்ளை நூலைத் துண்டு துண்டாக வெட்டி நட்டதுபோல. முதல் நாள் முட்டை நிற்கும், இரண்டாம் நாள் சாயும், மூன்றாம் நாள் படுக்கும். நிற்கிற முட்டையைக் கண்டால் ராணி நேற்றோ இன்றோ அங்கே நடந்திருக்கிறாள். அவளைப் பிடித்துப் பார்த்து எதற்குத் தொந்தரவு? ஆண் ஈயின் அறை மூடியில் ஊசித் துளை இருக்கும். அடையின் கீழ் விளிம்பில் ராணி அறை தொங்கினால் கூட்டம் பிரிந்து பறக்கப்போகிறது. இவ்வளவும் சொல்லி முடிப்பதற்குள் ஒன்று என் புருவத்தில் கொட்டியது. கொடுக்கைக் கிள்ளி எடுக்காதே, விஷம் இறங்கும் என்று நகத்தால் சுரண்டிவிட்டார். ஒரு கண் மூடிய முகத்தோடு பள்ளிக்கூடம் போனதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

தை, மாசியில் ரப்பர் செம்புநிறத்தில் தளிர்க்கும். மூன்று இலைகளும் காம்பில் சேருமிடத்தில் மது சுரக்கும், பூவே வேண்டாம். விளை முழுக்க இரைச்சல்.

1991 வாக்கில் அந்த இரைச்சல் அடங்கியது. தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியா முழுக்கப் பெட்டிகளைக் காலி செய்தது. அறைக்குள் புழுக்கள் நீர் கோத்த பையாகிச் செத்துக் கிடந்தன. முட்டை பார்க்கப் பழகிய கண்ணுக்கு அவை உடனே தெரிந்துவிட்டன, அதுதான் கஷ்டம். பாட்டா பெட்டிகளைக் கழுவிக் காயவைத்து, உள்ளே மெழுகு தடவி அங்கேயே வைத்தார். ஊரில் சிரித்தார்கள்.

பிறகொரு வருஷம் எங்கிருந்தோ ஒரு கூட்டம் வந்து அவற்றில் ஒன்றில் ஏறியது. பாட்டாவுக்குக் கண்ணில் புரை. சட்டத்தை நான்தான் தூக்கினேன்.

"நிக்குதா, படுத்திருக்கா?"

"நிக்குது பாட்டா."

"பொறவு என்னத்தப் பாத்துட்டு நிக்க? மூடு."

நான் ராணியைத் தேடிக்கொண்டிருந்தேன்.