வண்டிக்கு இமையும் கண்ணும்

தில்லியில் வாழும் தமிழர்க்குக் கரோல்பாக் புதிய இடமன்று. மைய அரசின் அலுவல்களை நாடி வந்த நம்மவர் பலர் முதன்முதல் குடித்தனம் தொடங்கிய பகுதி அது. 1947ஆம் ஆண்டுப் பிரிவினைக்குப் பின் மேற்குப் பஞ்சாபிலிருந்து உடைமையெல்லாம் இழந்து வந்த மக்களும் அங்கேதான் பெருந்தொகையாகக் குடியேறினர். அவர்தம் உழைப்பால் வளர்ந்த கடைத்தெருக்களில் சேலைக்கும் நகைக்கும் செல்வோர் பலர். ஆரிய சமாஜ சாலையை ஒட்டிய சந்துகளுக்குள் நுழைவோர் சிலரே. மோட்டார் வண்டிகளை அணி செய்யும் கடைகள் அங்கே வரிசை வரிசையாக உள்ளன. இயந்திரத்தின் உறுப்பு வேண்டுமாயின் காஷ்மீரி கேட்டுக்குச் செல்லவேண்டும். இருக்கையுறை, விளக்கு, கண்ணாடி, வெயில் மறைப்பு ஆகியவை வேண்டுமாயின் கரோல்பாக்குக்கு வரவேண்டும். திங்கட்கிழமை கடைகள் அடைத்திருக்கும் என்பதை மட்டும் மறவாதிருத்தல் நலம்.

நாங்கள் அங்கே சென்றதற்குக் காரணம் ஒன்று உண்டு. நண்பர் ஒருவரின் தந்தையார் பக்கவாதத்தால் படுக்கையில் இருந்தார். தாமிரபரணிக் கரையிலுள்ள தம் ஊரை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பதே அவர் ஓயாது சொன்ன சொல். இரயிலில் இரண்டு இரவு பயணம் செய்ய உடல் இடந்தரவில்லை. ஆகவே மூன்று குடும்பத்தார் சேர்ந்து ஒரு வேனை வாங்கி, பதிவு அலுவலகத்தின் அனுமதியை முன்னரே பெற்று, பின்னிருக்கைகளை நீக்கிக் கட்டில் ஒன்றை அமைத்தோம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, அனுமதியின்றி வண்டியின் அமைப்பை மாற்றுதலைத் தடுக்கின்றது. கட்டில் அமைந்துவிட்டது, ஆனால் புறப்பட வேண்டிய மாதமோ மே. 'லூ' என்னும் அனற்காற்று வீசும் அக்காலத்தில், நோயாளியைச் சுற்றிலும் கண்ணாடி சூழ்ந்த பெட்டியில் கொண்டுசெல்வது எங்ஙனம்?

கண்ணாடி கதிரவனின் ஒளியை எளிதாக உள்ளே விடும். அவ்வொளியால் சூடேறிய இருக்கையும் தளமும் வெளியிடும் வெப்பக் கதிர்களை மட்டும் வெளியே போகவிடாது. வெயிலில் அடைத்து நிறுத்திய வண்டியின் உட்புறம், ஒரு மணி நேரத்துக்குள் வெளியைக் காட்டிலும் 20 பாகை அளவு மிகுதியாகக் காய்ந்துவிடுதற்கு இதுவும் ஒரு காரணம். கறுப்புத் திரையை உள்ளே தொங்கவிட்டால் திரையே சூட்டை வாங்கி உள்ளே தரும். வெள்ளி போன்று பளபளக்கும் முகம் வெளிநோக்கி இருக்குமாறு மறைப்பு அமைந்தால்தான் ஒளி வந்த வழியே திரும்பும்.

கண்ணாடி முழுவதும் கருந்தாள் ஒட்டிவிடலாமே என்று எங்களுள் ஒருவர் கேட்டார். கடைக்காரரான சர்தார்ஜி உடனே மறுத்தார். முன், பின் கண்ணாடிகள் 70 விழுக்காடும், பக்கக் கண்ணாடிகள் 50 விழுக்காடும் ஒளியை உள்ளே விடவேண்டும் என்பது விதி. 27-4-2012 அன்று உச்ச நீதிமன்றம் கருந்தாள் ஒட்டுதலையே தடுத்துத் தீர்ப்பளித்தது. பின்னர் 2021இல் விதி திருத்தப்பட்டு, அதனைக் கொண்டு கேரள உயர்நீதிமன்றம் 2024இல் அளவுக்குட்பட்ட ஒட்டுதாளை ஏற்றதுண்டு. ஆயினும் பல மாநிலங்களைக் கடந்து செல்வோர் ஒவ்வோர் எல்லையிலும் வழக்காடிக் கொண்டிருத்தல் இயலுமா? “ஓடும்போது கண்ணாடி தெளிவாக இருக்கட்டும், நிற்கும்போது மறைப்பை மாட்டுங்கள்” என்றார் அவர்.

அவ்வாறே செய்தோம். வேனின் சன்னல்கள் ஒன்றைப்போல் ஒன்று இல்லை. ஒவ்வொன்றின் மீதும் பழுப்புத்தாளை வைத்து அளவெடுத்து, விளிம்பில் விரலகலம் கூட்டி வெட்டி, ஓரம் தைத்து, இரப்பர்க் கிண்ணங்களால் கண்ணாடியில் பற்றிக்கொள்ளுமாறு அமைத்தனர். எது எந்தச் சன்னலுக்கு உரியதென எண்ணும் எழுதினர். கதவுச் சன்னல்களின் மேல்விளிம்பில் மழைத்தடுப்புப் பட்டைகளையும் ஒட்டினர். இவை இருப்பின் மழையிலும் சன்னலை இரண்டு விரல் இறக்கிக் காற்று வாங்கலாம். ஒட்டுமுன் அவ்விடத்தை எண்ணெய்ப்பசை நீங்கத் துடைத்து உலர்த்தவேண்டும். ஒட்டியபின் ஒரு நாள் நீர் படலாகாது. பட்டை பெயர்ந்து விழுவதெல்லாம் இப்பொறுமை இல்லாமையால்தான்.

இனிப் பின்நோக்குக் கண்ணாடி. பின்புறம் கட்டிலும் மூட்டைகளும் நிறைந்தபின் நடுக்கண்ணாடியால் பயனில்லை. பக்கக் கண்ணாடி குவிந்திருத்தலால் பரந்த இடத்தைக் காட்டும். ஆனால் உருவைச் சிறிதாக்குவதால், அருகில் வரும் லாரியும் தொலைவில் வருவதுபோல் தோன்றும். கண்ணாடியின் உள்ளோரத்தில் வண்டியின் பக்கம் சிறு கீற்றாகத் தெரியவேண்டும். தொடுவானம் நடுவில் அமையவேண்டும். இத்தனை செய்தும் கண்ணுக்கு எட்டாத மூலை ஒன்று இருந்தே தீரும். அதற்காகச் சிறு வட்டக் கண்ணாடிகளை மூலைகளில் பதித்தோம். பின்கதவின் மேல் கீழ்நோக்கிய குவிகண்ணாடி ஒன்றையும் பொருத்தினோம். அது வண்டியின் பின்காலடியைக் காட்டும்.

வேலை நடக்கையில், வண்டி யாருக்காக என்று சர்தார்ஜி வினவினார். சொன்னோம். சிறிது நேரம் பேசாதிருந்தார். “என் பாட்டனார் இராவல்பிண்டியிலிருந்து வந்தவர். தம் ஊரை மறுபடி பார்க்க அவருக்குக் கிட்டவில்லை” என்றார். பொருளின் விலையை வாங்கிக்கொண்டாரேயன்றித் தையற்கூலியை எவ்வளவு வற்புறுத்தியும் வாங்கவில்லை.

தில்லியிலிருந்து ஆக்ரா, குவாலியர், ஜான்சி வழியாகத் தெற்கே இறங்கும் 44ஆம் தேசிய நெடுஞ்சாலையில் சென்றோம். ஜான்சியருகே நண்பகலில் வேப்பமர நிழலில் வண்டியை நிறுத்தி, சன்னல்களைச் சற்றே இறக்கி, மறைப்புகளை மாட்டினோம். பெரியவர் இரண்டு மணி நேரம் அயர்ந்து உறங்கினார். சிவனியைக் கடந்து, வனவிலங்குகள் கீழே செல்லச் சாலையை உயர்த்திக் கட்டியிருக்கும் பெஞ்ச் காட்டுப் பகுதியை அவர் தெளிந்த கண்ணாடி வழியே கண்டு மகிழ்ந்தார். நாகபுரிக்கு அப்பால் ஓர் உணவுச்சாலை முற்றத்தில் வண்டியைப் பின்னுக்கு எடுக்கையில், ஓட்டியவர் திடுமென நிறுத்தினார். மேலே பொருத்திய சிறு கண்ணாடியில் ஒரு குழந்தை தெரிந்தது. பந்தை எடுக்கக் குனிந்திருந்தது. வேறெந்தக் கண்ணாடியிலும் அது தென்படவில்லை. அதன் தாய் ஓடிவந்து தூக்கிக்கொண்டாள். எங்களுக்கு நெடுநேரம் பேச்சு எழவில்லை.

நான்காம் நாள் மாலை பெரியவர் தம் ஊர் ஆற்றைக் கண்டார். வண்டியின் பின்கதவைத் திறந்து கட்டிலில் இருந்தவாறே காட்டினோம். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோடை விடுமுறையில் குடும்பத்தோடு ஊர் செல்லும் அன்பர்கள், வண்டிக்கு இசைப்பெட்டியும் வண்ண விளக்கும் வாங்குமுன் கண்ணுக்கும் இமைக்கும் வழிசெய்க. செலவு சிறிது, காக்கப்படும் உயிரோ பெரிது.