தையற்காரி சொன்னது

"உங்கள் குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் வந்ததுண்டா?" என்று கேட்டார் டாக்டர். "இல்லை" என்றான் என் சித்தி மகன். துணைக்குப் போயிருந்த நான் பேசாமல் இருந்துவிட்டேன்.

எனக்குத் தெரியாதா? சித்தி போனது 'வயிற்றுக் கட்டி'யில். பெரிய மாமா 46 வயதில் போனது 'மூல'த்தில். பாட்டிக்குக் 'கர்ப்பப்பைக் கோளாறு'. நோயின் நிஜப் பெயரை எங்கள் வீட்டில் யாரும் உரக்கச் சொன்னதில்லை. சொன்னால் பெண்களுக்கு வரன் வராது என்ற பயம். சித்தி என் தாயாருடன் பிறந்தவள். ஆகவே டாக்டரின் கேள்வி எனக்கும் உரியதுதான்.

அன்றிரவு, எப்போதோ படித்த ஒரு தையற்காரியின் ஞாபகம் வந்தது. 1895-ஆம் வருஷம், அமெரிக்காவில் மிச்சிகன் சர்வகலாசாலையைச் சேர்ந்த டாக்டர் ஆல்ட்ரெட் வார்தினிடம் அவள் சொன்னாள்: தன் குடும்பத்தில் பலரும் வயிற்றிலோ குடலிலோ கருப்பையிலோ புற்று வந்தே இறந்தார்கள், தானும் அப்படியே போகப் போவதாக. வார்தின் அதைப் பேதைப் பேச்சு என்று தள்ளவில்லை. அவள் உறவினர் ஒவ்வொருவரும் எதனால் இறந்தார் என்று விசாரித்து, 1913-இல் வெளியிட்டார். அவள் சொன்னதும் பலித்துவிட்டது. கருப்பைப் புற்றில்தான் இறந்தாள்.

பின்னாளில் இத்தகைய குடும்பங்களை ஆராய்ந்த டாக்டர் ஹென்றி லிஞ்சின் பெயரால் இதை இன்று 'லிஞ்ச் நோய்க்குறி' என்கிறார்கள். உயிரணு பெருகும்போது நேரும் எழுத்துப் பிழைகளைத் திருத்தும் மரபணு ஒன்று பழுதாகிவிடுகிறது. புரூப் திருத்துகிறவர் தூங்கிவிட்டால் புத்தகம் என்ன ஆகும் என்று எழுத்தாளனுக்குச் சொல்ல வேண்டியதில்லை! அத்தகைய மரபணு ஒன்றை 1993-இல் கண்டுபிடித்தார்கள். பெற்றோரில் ஒருவரிடம் அந்தப் பழுது இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. வந்தவர்கள் எல்லாருக்கும் நோய் வந்தே தீரும் என்பதில்லை. ஓரிரு வருஷத்துக்கு ஒரு தடவை குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்த்தால், புற்றாக மாறக்கூடிய சிறு முளைகளை அப்போதே எடுத்துவிடலாம்.

தையற்காரி வாய் திறந்தாள். அவளுக்கு வழி இல்லை. எங்களுக்கு வழி இருக்கிறது, வாய்தான் திறக்கவில்லை.

மறுநாள் ஒரு தாளில் பாட்டி முதல் எல்லார் பெயரையும், எதிரே வயதையும் நோயையும் எழுதினேன். கதைகளில் எத்தனையோ பேரைச் சாகடித்தவன் நான். இந்த ஒரு பக்கத்துக்குக் காலைப் பொழுது முழுவதும் ஆயிற்று. தம்பியிடம் கொடுத்தேன்.

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவன், "கடைசியில் உங்க பேரும் இருக்கே, அண்ணா?" என்றான்.

"ஆமாம். நாளைக்கு டாக்டரிடம் இரண்டு பேருமாகவே போவோம்" என்றேன்.